நம் அணிக்கு ஒரு நிறைகல், எதிரணிக்கு ஒரு நிறைகல்



இத்தாலிய மொழியில் கால்பந்து ரசிகனைத் ‘தீஃபோஸோ’ என்று அழைப்பார்கள். ‘தீஃபோ’ என்ற சொல்லுக்கு அம்மொழியில் இரண்டு பொருள் உண்டு. ஒன்று, ஓர் அணியின்மேல் கொண்ட ஆர்வம். மற்றொன்று, டைபஸ் என்னும் கொடிய காய்ச்சல். நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிக்குத் தொடங்கும் ஐரோப்பிய ஆட்டத்திற்காக விழித்திருந்து, சிவந்த கண்களோடு மறுநாள் அலுவலகம் செல்லும் உங்களில் சிலருக்கு அந்த இரண்டாம் பொருளை விளக்கத் தேவையில்லை.

இந்தக் காய்ச்சலை நான் பழிக்க வரவில்லை. எதையும் ஆறு மாதத்தில் மாற்றிக்கொள்ளும் காலத்தில், தோற்றுக்கொண்டே இருக்கும் ஓர் அணியோடு முப்பது ஆண்டுகள் நிலைத்திருக்கும் மனிதனைக் காணும்போது எனக்கு மதிப்பே உண்டாகிறது. ஆனால் அந்தப் பற்று உண்மையைச் சந்திக்கும் இடத்தில் என்ன ஆகிறது என்பதை இவ்வாரம் நீங்கள் என்னோடு சேர்ந்து எண்ணிப்பார்க்க வேண்டும். அதற்கு இத்தாலியிலேயே நடந்த ஒரு வழக்கை எடுத்துக்கொள்கிறேன்.

1998-ஆம் ஆண்டு கோடைக்காலம். ஜூலை மாதத்தில் டூர் டி பிரான்ஸ் மிதிவண்டிப் பந்தயத்தில் ஒரு குழுவின் வாகனம் நிறைய ஊக்கமருந்து பிடிபட்டு, உலகமே மிதிவண்டி வீரர்களை நோக்கி விரல் நீட்டிக்கொண்டிருந்தது. அந்நேரத்தில் ரோமா அணியின் பயிற்சியாளராயிருந்த ஸ்டெனெக் ஜெமன், ஒரு வார இதழுக்கு அளித்த பேட்டியில், கால்பந்தும் மருந்துக்கடையை விட்டு வெளியே வரவேண்டும் என்னும் பொருளில் பேசினார். யுவென்டஸ் அணியின் நட்சத்திர வீரர் இருவருடைய தசை வளர்ச்சி தமக்கு வியப்பளிக்கிறது என்று பெயர் சொல்லியும் குறிப்பிட்டார்.

யுவென்டஸ் அப்பொழுது எப்படிப்பட்ட அணி என்பதை நினைவில் கொள்ளுங்கள். 1996-இல் ஐரோப்பாவின் சாம்பியன். ரோம் நகரில் அயாக்ஸ் அணியைப் பெனால்டி உதைகளில் வென்று கோப்பையைக் கைக்கொண்ட அணி. அடுத்த இரண்டு ஆண்டுகளிலும் அதே போட்டியின் இறுதி ஆட்டத்தை எட்டிய அணி. இத்தாலியில் மிக அதிகமான ரசிகர்களைக் கொண்ட அணியும் அதுவே. அந்த அணியைப்பற்றி அதன் போட்டி அணியின் பயிற்சியாளர் வாய் திறந்தார்.

எழுந்த கூச்சலை நீங்கள் ஊகிக்கலாம். பொறாமை என்றார்கள். தான் எதையும் வெல்லாத பயிற்சியாளரின் புலம்பல் என்றார்கள். ஜெமனின் தாய்மாமன் செஸ்ட்மிர் விட்ஸ்பாலெக் அதே யுவென்டஸ் அணியைப் பயிற்றுவித்து 1972, 1973 ஆகிய ஆண்டுகளில் லீக் பட்டம் வாங்கித் தந்தவர். அந்த வீட்டுப் பிள்ளையான ஜெமனைப் பகைவன் என்று தள்ளிவிடுவது சிரமமாயிருந்திருக்க வேண்டும், ஆனாலும் தள்ளிவிட்டார்கள். ரோமா ரசிகர்களுக்கோ அவர் ஒரே நாளில் தீர்க்கதரிசியானார். ஒரே மனிதன், ஒரே பேச்சு. கேட்பவன் அணிந்திருந்த சட்டையின் நிறத்தைப் பொறுத்து அது பொய்யாகவோ மெய்யாகவோ ஆயிற்று.

தூரின் நகரின் அரசு வழக்கறிஞர் ரஃபாயேலே குவாரினியெல்லோ மட்டும் சட்டையின் நிறம் பாராமல் விசாரணையைத் தொடங்கினார். சோதனையில் யுவென்டஸ் மனையில் 281 வகையான மருந்துப்பொருள்கள் இருந்தது தெரியவந்தது. அவற்றில் மிகப்பல தடைசெய்யப்படாதவை: வலி நீக்கிகள், வீக்கம் தணிப்பவை, மனச்சோர்வுக்கான மாத்திரைகள், இன்னும் பல. ஒரு சிறு மருத்துவமனைக்குப் போதுமான இருப்பு என்று வழக்கில் வல்லுநர் ஒருவர் கருத்துரைத்தார். அங்கே வாழ்ந்தவர்களோ நாட்டிலேயே மிகத் திடமான இருபதுக்கு மேற்பட்ட வாலிபர்கள்.

அதே விசாரணையின் விளைவாக இன்னொன்றும் வெளிப்பட்டது. இத்தாலியின் கால்பந்து வீரர்களுடைய சிறுநீர் மாதிரிகளைச் சோதிக்கவேண்டிய ரோம் நகர் ஆய்வகம், தசை வளர்க்கும் ஸ்டீராய்டுகளுக்கான சோதனையை முறைப்படி செய்யாமலே இருந்திருக்கிறது. ஆய்வகம் மூடப்பட்டது, இத்தாலிய ஒலிம்பிக் குழுவின் தலைவர் மாரியோ பெஸ்காந்தே பதவி விலகினார். எனக்கு 281 என்னும் எண்ணைவிட இதுவே அதிகக் கலக்கம் தருகிறது. ஏனெனில், ‘எங்கள் வீரர் ஒருவரும் சோதனையில் பிடிபடவில்லையே’ என்று அதுவரை சொல்லிவந்த எந்த அணியின் ரசிகனுக்கும் நிற்பதற்கு அன்று தரை இல்லாமற்போயிற்று. எதிரணி ரசிகனுக்கும் அதே கதிதான் என்பதைச் சேர்த்துச் சொல்லவேண்டும்.

வழக்கு 2002-இல் நீதிமன்றத்திற்கு வந்தது. 2004 நவம்பரில் அணியின் மருத்துவர் ரிக்கார்தோ அக்ரிகோலா விளையாட்டு மோசடிக் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டு, 22 மாதச் சிறைத்தண்டனை பெற்றார்; தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. நிர்வாகி அந்தோனியோ ஜிராவுதோ விடுவிக்கப்பட்டார். 2005 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் மருத்துவரையும் விடுதலை செய்தது. 2007-இல் நாட்டின் உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையில் பிழை கண்டது. ஆயினும் வழக்கின் காலவரம்பு அதற்குள் கடந்துவிட்டபடியால் மறுவிசாரணைக்கு இடமில்லை என்று முடித்தது. இரத்தத்தில் சிவப்பணுக்களைப் பெருக்கும் ஈ.பி.ஓ. என்னும் மருந்தைக் கொடுத்தார்கள் என்ற குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை. எந்த வீரருக்கும் தடை விதிக்கப்படவில்லை. எந்தக் கோப்பையும் திரும்பப் பெறப்படவில்லை.

இப்படிப்பட்ட முடிவு ரசிகனுக்கு எவ்வளவு வசதியானது பாருங்கள். யுவென்டஸ் ரசிகன் 2005-ஐ எடுத்துக்கொண்டான்: ‘நாங்கள் விடுவிக்கப்பட்டோம்.’ மற்றவர்கள் 2004-ஐ எடுத்துக்கொண்டார்கள்: ‘தண்டனை பெற்றவர்கள் நீங்கள்.’ இருவரும் 2007-ஐத் தங்களுக்கு ஏற்றபடி வெட்டிக்கொண்டார்கள். முழுவதையும் ஒருசேரக் கையில் வைத்திருக்க ஒருவனுக்கும் மனதில்லை. வைத்திருந்தால் எந்தப் பக்கமும் கோஷம் எழுப்ப முடியாதே.

தாவீது அரசனிடத்தில் நாத்தான் வந்த சம்பவத்தை நீங்கள் அறிவீர்கள். ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடித்துச் சமைத்த ஐசுவரியவானைப்பற்றிக் கேட்டபோது தாவீதின் கோபம் மெய்யானது, அவன் தீர்ப்பும் சரியானது. அவனுக்கு நியாய உணர்வு குன்றியிருக்கவில்லை. குற்றவாளி அந்நியன் என்று எண்ணியிருந்தவரை அது நன்றாகவே வேலை செய்தது. போட்டி அணியின் வீரன் திடீரென்று வேகம் பெற்றால் ‘எப்படி?’ என்று கேட்கும் நம் வாய், நம் வீரன் காயத்திலிருந்து அதிசயமாய்த் திரும்பினால் ‘எவ்வளவு உழைப்பு!’ என்கிறது. ஒரே பையில் பெரிதும் சிறிதுமாக இரண்டு நிறைகற்களை வைத்திருக்கும் வியாபாரியை மோசேயின் நியாயப்பிரமாணம் கண்டித்தபோது, அவன் எண்ணத் தெரியாதவன் என்று குறை சொல்லவில்லை. எந்தக் கல்லை எப்போது எடுக்கவேண்டும் என்று அவனுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

‘தடைசெய்யப்படாத மருந்துதானே, அதில் என்ன குற்றம்?’ என்பது வலுவான எதிர்வாதம். அதைத் தட்டிக்கழிப்பது நேர்மையன்று. 2005-இல் விளையாட்டு நடுவர் தீர்ப்பாயமே, விதிகளால் வெளிப்படையாகத் தடைசெய்யப்படாத மருந்துக்காக ஒழுங்கு நடவடிக்கை எடுக்க முடியாது என்று கருத்துரைத்தது. விதி என்ற அளவில் அது சரியே. எழுதப்படாத குற்றத்துக்கு ஒருவனைத் தண்டிக்கக்கூடாது. ஆனால் இருபத்திரண்டு வயதுப் பிள்ளைக்கு, நோயில்லாமலே, நோயாளிக்கென்று செய்யப்பட்ட மருந்தைக் கொடுக்கலாமா என்பது வேறு கேள்வி. அதைத் தீர்ப்பாயம் தொடவில்லை. தொடுவது அதன் வேலையுமன்று. அந்தப் பிள்ளையின் பெயரை முதுகில் எழுதிக்கொண்டு திரிகிற ரசிகனுடைய வேலை அது என்பேன்.

குவாரினியெல்லோ முன்னாள் வீரர்களுடைய மரணங்களையும் ஆராயத் தொடங்கினார். அந்தத் தேடலின் தொடர்ச்சியாக, 1970 முதல் 2001 வரை இத்தாலியில் தொழில்முறையாக ஆடிய 7,325 பேரைக்குறித்த ஆய்வு ஒன்று 2005-இல் வெளியாயிற்று. தசைகளைச் சிறிது சிறிதாய்ச் செயலற்றுப்போகச் செய்யும் ஏ.எல்.எஸ். என்னும் நரம்பு நோய், அவர்களில் ஒருவருக்குக்கூட முழுதாய் வரவேண்டிய கணக்கில்லை. வந்ததோ ஐந்து பேருக்கு. காரணம் மருந்து என்று நிறுவப்படவில்லை. தலையில் பட்ட அடிகள், மைதானத்தில் தெளித்த பூச்சிக்கொல்லி, மிகுந்த உடலுழைப்பு என்று பலவும் ஆராயப்பட்டன. ஆகையால் இதை ஊக்கமருந்தின் கணக்கில் எழுதிவிடாதேயுங்கள். ஆனால் இதைக் கேட்டபின், வீரனுடைய சரீரத்திற்குள் என்ன செலுத்தப்படுகிறது என்று விசாரிப்பதை ‘அணிக்குத் துரோகம்’ என்று எவரேனும் சொன்னால், ஜெனோவா அணியின் தலைவராயிருந்த ஜான்லூக்கா சிஞ்ஞொரினியை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் அந்நோயால் தாக்கப்பட்டு, 2001 மே மாதத்தில் தாம் ஆடிய அதே மைதானத்திற்குச் சக்கர நாற்காலியில் கொண்டுவரப்பட்டார். அரங்கம் நிறைய மக்கள் அவருக்காகக் கூடியிருந்தார்கள். அடுத்த ஆண்டு, தமது 42-ஆம் வயதில் காலமானார். ரசிகரின் அன்பு பொய்யானது என்று அந்த மாலையைக் கண்ட ஒருவனும் சொல்லமாட்டான். அந்த அன்பு சற்று முன்னதாகவே, வீரர்கள் திடமாய் ஓடுகிற காலத்திலேயே கேள்வி கேட்கக்கூடாதா என்பதே என் ஆதங்கம்.

மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நானும் இரண்டு நிறைகற்களை வைத்திருப்பவனாவேன். லிவர்பூல் அணியின் தடுப்பாட்டக்காரர் மமடு சாக்கோவிடம் 2016 மார்ச்சில் எடுத்த மாதிரியில் ஹிஜெனமின் என்னும் பொருள் காணப்பட்டது. கொழுப்பைக் கரைக்க அவர் உட்கொண்ட துணைப்பொருளில் அது இருந்தது. உடனே இடைநீக்கம். மே மாதத்தில் தம் அணி ஆடிய யூரோப்பா லீக் இறுதியாட்டத்தை இழந்தார். தம் சொந்த நாடான பிரான்சில் நடந்த ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பையும் இழந்தார். பின்பு, அந்தப் பொருள் தடைப்பட்டியலில் அடங்கும் என்பதே நிறுவப்படவில்லை என்று ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பு வழக்கைத் தள்ளிவிட்டது. 2020 நவம்பரில் லண்டன் நீதிமன்றத்தில் உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையே, அவரைப்பற்றித் தான் முன்பு சொன்னவற்றுக்காக மன்னிப்புக் கேட்டு, இழப்பீடு தரவும் இசைந்தது.

நான்கு ஆண்டுகள்! அதற்குள் அவரை ஏமாற்றுக்காரன் என்று பாடிய ரசிகர் எத்தனை ஆயிரம் பேர்! அவர்களில் எத்தனை பேர் 2020-இன் அந்தச் செய்தியை வாசித்திருப்பார்கள்? இடைநீக்கம் முதல் பக்கச் செய்தி. மன்னிப்போ உள்பக்கத்தில் ஒரு மூலை. ஒரே சாட்சியின் வாயினால் ஒருவனையும் குற்றவாளியாய்த் தீர்க்கக்கூடாது என்ற பழைய பிரமாணம், ஆய்வகமும் ஒரு சாட்சிதான் என்பதை நமக்கு நினைப்பூட்டவேண்டும். நல்ல சாட்சி, பெரும்பாலும் நம்பத்தக்க சாட்சி. ஆயினும் அதையும் குறுக்கு விசாரணை செய்யவேண்டும். வீரனின் தோளகலத்தைத் தொலைக்காட்சியில் பார்த்து முடிவு கட்டுகிறவன் சாட்சியே அல்லன்.

அப்படியானால் பற்றுள்ள ரசிகன் என்னதான் செய்யவேண்டும் என்று கேட்பீர்கள். அணியை விட்டுவிடு என்று நான் சொல்லமாட்டேன். 1994 உலகக் கோப்பையில் மரடோனாவின் மாதிரியில் எஃபெட்ரின் கண்டறியப்பட்டு அவர் வெளியேற்றப்பட்டபோது, அர்ஜென்டினா மக்கள் அவரை விட்டுவிடவில்லை, கடைசிவரை நேசித்தார்கள். நேசித்தது பிழையன்று. சதி என்று மாத்திரம் நம்பி, அவருடைய சரீரம் ஏற்கெனவே எவ்வளவு சிதைந்திருந்தது என்பதைப் பாராமற்போனவர்களைப்பற்றியே எனக்கு வருத்தம். தகப்பன் தன் மகன் பரீட்சையில் பார்த்து எழுதினான் என்று கேள்விப்பட்டால் அவனை வீட்டைவிட்டுத் துரத்துவதில்லை. ‘என் பிள்ளை செய்யவேமாட்டான்’ என்று ஆசிரியரோடு சண்டைக்குப் போவதுமில்லை. பிள்ளையை அருகே உட்காரவைத்துக் கேட்கிறான். எத்தனை சோதனைகள் நடந்தன, அணியின் மருத்துவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர், நிர்வாகத்துக்கா வீரனுக்கா என்று கேட்கும் உரிமை, நுழைவுச்சீட்டும் சட்டையும் வாங்கும் ரசிகனுக்கு உண்டு. எதிரணியிடம் கேட்பது எளிது. தன் அணியிடம் கேட்பவனைச் சக ரசிகர்களே ஏசுவார்கள். ஜெமனுக்கு நேர்ந்ததை எண்ணிக்கொள்ளட்டும்.

ஸ்பெயினில் இன்னொரு வழக்கு நடந்தது. 2006-இல் மருத்துவர் எயுஃபெமியானோ ஃபுயென்டஸின் இடங்களில் காவல்துறை கைப்பற்றிய இரத்தப் பைகளுக்கு இரகசியக் குறியீடுகள் மட்டுமே இடப்பட்டிருந்தன. மிதிவண்டி வீரர்கள் பலர் சிக்கினார்கள். தம்மிடம் வந்தவர்களில் கால்பந்து வீரரும் உண்டு என்று 2013-இல் நீதிமன்றத்திலேயே அவர் சொன்னார். பைகளின் சொந்தக்காரர்களை அடையாளம் காட்டவும் முன்வந்தார். நீதிபதி அதை ஏற்கவில்லை. பைகளை அழிக்கவும் உத்தரவிட்டார். மேல்முறையீட்டில் 2016-இல் அந்த உத்தரவு மாற்றப்பட்டு, பைகள் ஊக்கமருந்து தடுப்பு அமைப்புகளிடம் ஒப்படைக்கப்பட வழி பிறந்தது. 2019-இல் பதினொரு பேர் அடையாளம் காணப்பட்டதாக உலக முகமை அறிவித்தது. காலவரம்பு அங்கேயும் கடந்துவிட்டிருந்தபடியால் பெயர்கள் வெளியிடப்படவில்லை. எந்தெந்த விளையாட்டைச் சேர்ந்தவர்கள் என்று வாதிட இன்றைக்கும் ரசிகர்களுக்கு இடமிருக்கிறது. அந்தப் பதினொருவரில் தன் அணிக்காரன் ஒருவனும் இருக்கமாட்டான் என்று ஒவ்வோர் அணியின் ரசிகனும் நம்பிக்கொண்டிருக்கிறான்.