உழுதாலும் மறையாத தடம்

இங்கிலாந்தில் காடுகளுக்குள்ளும் ஆற்றோரங்களிலும் ஓடுகிறவர்களுக்குப் பாதை மிஞ்சியிருக்கிறதென்றால் அதற்குச் சட்டமே முதல் காரணம். வயலின் குறுக்கே போகும் பொது நடைவழியை விதைப்புக்காக உழுதால், 14 நாளுக்குள் குறைந்தது ஒரு மீட்டர் அகலத்துக்கு அதைச் சரிசெய்து தரவேண்டும் என்கிறது 1990ஆம் ஆண்டுச் சட்டம். இளம்பயிர் நடுவே வெறும் மண்ணாக நீளும் அந்த ஒற்றையடித் தடம் எவருடைய தயவும் அல்ல. நடந்து நடந்தே நிலைத்த உரிமை. நடக்கும் உரிமை கேட்டு 1932இல் கிண்டர் ஸ்கவுட் மலையில் தடையை மீறி ஏறியவர்களில் ஐவர் சிறைக்கே போனார்கள். ஓடும் கால்கள் மண்ணை அரிக்கின்றன என்பார்கள். உண்மைதான், ஈரமான கரிச்சேற்று நிலத்தில் மிகவும் உண்மை. ஆனால் பென்னைன் என்னும் நெடுந்தூர நடைபாதையில், மூடப்பட்ட பஞ்சாலைகளின் தரைக்கற்களைப் பதித்தே அரிப்பைத் தடுத்திருக்கிறார்கள். அந்தச் செலவுக்கு ஓட்டப் பந்தயம் நடத்துவோரிடம் பராமரிப்புத் தொகை வாங்கட்டும். வழியை மட்டும் அடைக்க வேண்டாம்.