தாத்தா ஏன் திடீர்னு குண்டானார்? டிவிடி-யில் முகம் இழுபடும் கதை

"யாருடி இது? உங்க தாத்தா மாதிரி இருக்கு, ஆனா அவர் இல்லையே!"

பாட்டி இப்படிக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டிவியில் ஓடிக்கொண்டிருந்தது 1998-ல் நடந்த அத்தை கல்யாண வீடியோ. பழைய விஎச்எஸ் கேசட்டைக் கடையில் கொடுத்து ஃபைலாக மாற்றி வாங்கியிருந்தோம். பென் டிரைவ், யூடியூப் எல்லாம் பாட்டிக்கு ஒத்துவராது. டிவிடி பிளேயர் மட்டும் அத்துப்படி. அதனால் நானே உட்கார்ந்து டிவிடி போட்டுக் கொடுத்தேன். தாத்தா நடந்து, சிரித்து, பேசுகிற வீடியோ எங்கள் வீட்டில் இது ஒன்றுதான். ஒல்லியான மனுஷனை அதில் பூசணிக்காய் மாதிரி ஆக்கி வைத்திருந்தேன்.

தப்பு கேசட்டில் இல்லை, கடையிலும் இல்லை. 'ஸ்கிரீன் ஃபுல்லா தெரியட்டும்' என்று நான் அமுக்கிய ஒரு ஆப்ஷனில் இருந்தது.

அதென்ன ஆஸ்பெக்ட் ரேஷியோ?

படத்தின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம், அவ்வளவுதான். பழைய பெட்டி டிவி 4:3. இன்றைய டிவி 16:9. மொபைலை நிமிர்த்திப் பிடித்து எடுத்த வீடியோ 9:16.

4:3 படத்தை 16:9 திரை முழுக்க இழுத்தால், உயரம் அப்படியே இருக்கும். அகலம் மட்டும் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். அதான் எல்லாரும் குண்டு. 16:9 படத்தை 4:3-க்குள் அமுக்கினால் எல்லாரும் ஒட்டடைக் குச்சி.

டிவிடி-யில் மட்டும் ஏன் இவ்வளவு குழப்பம்?

இந்தியாவில் நாம் பயன்படுத்தி வந்த பழைய டிவி முறைக்கு 'பால்' என்று பெயர் (பசும்பால் இல்லை!). இந்த முறையில் போடும் டிவிடி-யில் முழு அளவுப் படம் 720 × 576 பிக்சல். வகுத்துப் பாருங்க, 5:4 வரும். அது 4:3-ம் இல்லை, 16:9-ம் இல்லை!

காரணம், டிவிடி-யின் பிக்சல் சதுரமானது இல்லை. டிஸ்க்கில் படத்தோடு சேர்த்து ஒரு குறிப்பும் பதிவாகும்: 'இதை 4:3-ஆகக் காட்டு' அல்லது '16:9-ஆகக் காட்டு'. பிளேயரும் டிவியும் அதைப் படித்துத்தான் படத்தை விரிக்கின்றன. மடித்து வைத்த வேட்டியில் நாலு முழமா, எட்டு முழமா என்று ஒட்டியிருக்கும் சீட்டு மாதிரி. சீட்டு மாறினால், உள்ளே இருப்பது சரியாக இருந்தும் விரிக்கும்போது தப்பாகிவிடும்.

சரி, எப்படிச் சரி செய்வது?

1. முதலில் ஒரிஜினல் ஃபைலை கம்ப்யூட்டரில் விஎல்சி-யில் போட்டுப் பாருங்க. அதில் முகம் சரியாக இருந்தால், பிரச்னை கன்வெர்ட் செய்யும் இடத்திலோ டிவி செட்டிங்கிலோதான்.

2. டிவி ரிமோட்டில் 'பிக்சர் சைஸ்' மாதிரி ஒரு ஆப்ஷன் இருக்கும். டிவிடி பிளேயர் மெனுவிலும் 'டிவி டைப்' இருக்கும். அகல டிவி என்றால் அங்கே 16:9 வையுங்க. சில சமயம் டிஸ்க்கில் தப்பே இருக்காது, இங்கேதான் இருக்கும்.

3. டிவிடி ஸ்டைலர் போன்ற இலவச மென்பொருள்கள் புது டிஸ்க் தொடங்கும்போதே 4:3-ஆ 16:9-ஆ என்று கேட்கும். உங்க டிவி எது என்று பார்க்காதீங்க, வீடியோ எது என்று பாருங்க. பழைய கேசட் என்றால் 4:3. படுக்கவாட்டில் எடுத்த மொபைல் வீடியோ என்றால் 16:9. இதையே மாற்றி 4:3 டிஸ்க்கில் போட்டால், அகல டிவியில் நாலு பக்கமும் கருப்பு விழுந்து, நடுவில் தபால்தலை மாதிரி படம் தெரியும்.

4. நிமிர்ந்த மொபைல் வீடியோவை 16:9-ல், இரண்டு பக்கமும் கருப்பு விட்டு வையுங்க. படம் திரையில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. பரவாயில்லை, முகம் முகமாக இருக்கும்.

5. எழுதி அழிக்கக்கூடிய ஆர்டபிள்யூ டிஸ்க்கில் முதலில் ஐந்து நிமிஷம் மட்டும் எழுதிப் பாருங்க. வீடியோவில் நேராகத் தெரியும் வட்டமான பொருள் ஒன்றைத் தேடுங்க, சுவர்க் கடிகாரம் மாதிரி. அது முட்டையாகத் தெரிந்தால், ரேஷியோ தப்பு.

கருப்புப் பட்டை குறை இல்லை

இனி என் கருத்து. 'இவ்வளவு பெரிய டிவி வாங்கிட்டு, ரெண்டு பக்கமும் கருப்பா?' என்ற எண்ணம்தான் இந்தத் தவறுக்கெல்லாம் வேர். திரை நிறையவில்லை என்றால் காசு வீண் என்று நினைக்கிறோம். கன்வெர்ட் செய்யக் கொடுக்கும்போதும் 'ஃபுல் ஸ்கிரீன் வேணும்' என்றுதான் கேட்கிறோம். கேட்டதைத்தான் கொடுப்பார்கள்.

அந்த ஃபுல் ஸ்கிரீனுக்கு இரண்டே வழி. ஒன்று, இழுப்பது. மற்றொன்று, மேலும் கீழும் வெட்டுவது. 4:3 படத்தை 16:9-க்காக வெட்டினால், உயரத்தில் கால்வாசி போய்விடும். குரூப் போட்டோவுக்கு நிற்பவர்களின் தலையோ, காலில் விழுபவரோ, யாரோ ஒருவர் காணாமல் போவார். இழுத்ததையாவது மறுபடி அமுக்கலாம். வெட்டியதை எங்கே போய்த் தேடுவது?

அந்தக் கேமராமேன் 4:3-க்குள்தான் எல்லாரையும் நிறுத்தி எடுத்தார். அந்தக் கல்யாணம் அவ்வளவு அகலம்தான். மீதி இடம் கருப்பாக இருப்பதில் என்ன குறை?

இன்னொன்று: கன்வெர்ட் ஆகிவிட்டதே என்று கேசட்டையோ முதல் ஃபைலையோ தூக்கிப் போடாதீங்க. டிவிடி ஒரு நகல்தான். என்னால் திருத்த முடிந்ததே, அந்த முதல் ஃபைலை அழிக்காமல் வைத்திருந்ததால்தான்.

போன வாரம் புது டிஸ்க்கைப் போட்டேன். 4:3, இரண்டு பக்கமும் கருப்பு. பாட்டி அந்தக் கருப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தாத்தா பந்தியில் இலை பார்த்துக்கொண்டே வரும் இடத்தில், "கொஞ்சம் நிறுத்துடி" என்றார்.

அந்த இடத்தை மூன்று தடவை பார்த்தோம்.