விடுதலைக்குப் பிறகும் மறுபத்தியம் உண்டு!

இரவு ஒன்பது மணி இருக்கும். கடைசி நோயாளியும் போய்விட்டார். வைத்தியசாலை வாசலில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். கதவு திறந்துதான் கிடந்தது. ஆனால், உள்ளே வரவில்லை.

“வாங்கய்யா, ஏன் அங்கேயே நிக்கிறீங்க?” என்றேன்.

“நீங்க சொல்லட்டும்னுதான் சார்...”

தூக்கம் வரவில்லையாம். “விளக்கை அணைச்சா மூச்சு முட்டுது சார். ராத்திரி பூரா வெளிச்சத்துலயே படுத்துப் பழகிடுச்சு.” எங்கே பழகியது என்று கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டார். வரப்புத் தகராறில் ஓர் உயிர் போய், ஏழு வருஷம் சிறையில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர் அவர்.

உங்களிடம் ஒளிப்பானேன்? அதைக் கேட்ட மறுவிநாடி என் கை மேஜை இழுப்பறையைத் தொட்டுப் பார்த்தது, பூட்டியிருக்கிறதா என்று. முப்பது வருஷமாக நாடி பார்க்கிற கை! அவர் கவனித்துவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை.

எங்களுடையது ஒரு பஸ் ஸ்டாண்டு, ஒரு வாரச் சந்தை, நாலு டீக்கடை உள்ள சின்ன ஊர். பட்டணமென்றால் கூட்டத்தில் முகம் மறைந்துவிடும். இங்கே அவர் பஸ்ஸை விட்டு இறங்குமுன்பே சேதி இறங்கிவிட்டது. வேலை இல்லை, வாடகைக்கு வீடு இல்லை. தெரிந்தவர்களும் எதிரே வந்தால், செருப்பைச் சரிசெய்வது போலக் குனிந்துகொள்கிறார்கள்.

சித்த வைத்தியத்தில் மறுபத்தியம் என்று ஒன்று உண்டு. மருந்தை நிறுத்திய பிறகும் சில நாள் பத்தியம் காக்க வேண்டும். காய்ச்சல் விட்ட அன்றே பிரியாணி கொடுப்போமா? முதலில் கஞ்சி, பிறகு ரசம் சாதம். நோய் போன கையோடு உடம்பு ரொம்பவும் பலவீனமாக இருக்கும். சிறையிலிருந்து வருகிறவருக்கும் அதேதான்.

சும்மா உவமைக்காகச் சொல்லவில்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையான 30,000-க்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்து, 2007-ல் முடிவை வெளியிட்டார்கள். வெளியே வந்த முதல் 2 வாரங்களில் அவர்களுக்கு மரண அபாயம் மற்றவர்களைவிட 12 மடங்குக்கும் அதிகம்! போதை மருந்து முதல் காரணம். இதய நோய், கொலை, தற்கொலை எல்லாம் அடுத்தடுத்து. நம் ஊர் நிலவரம் வேறு என்றாலும், முதல் நாட்கள்தான் கண்டம் என்ற பாடம் நமக்கும் பொருந்தும்.

இன்னொரு எச்சரிக்கை. நெரிசலான சிறைகளில் காசநோய் எளிதில் பரவும். உள்ளே ஆரம்பித்த மாத்திரையை வெளியே வந்ததும் விட்டுவிட்டால், மருந்துக்கு அடங்காத நோயாக அது மாறலாம். 2 வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் அரசு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள். பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். சித்த வைத்தியனான நானே சொல்கிறேன்: சூரணத்தை நம்பிக்கொண்டு அந்த மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

“எங்க வீட்டுல வயசுப் பொண்ணு இருக்கு சார்” என்பீர்கள். அந்தப் பயம் நியாயமானதுதான். இறந்தவரின் குடும்பமும் பக்கத்து ஊரில்தான் இருக்கிறது. ‘மன்னியுங்கள்’ என்று அவர்களிடம் சொல்ல எனக்கு அருகதை கிடையாது. ஆனால், கோர்ட் கொடுத்த தண்டனைக்கு முடிகிற தேதி இருந்தது. நாம் கொடுக்கிற தண்டனைக்குத் தேதி உண்டா?

உள்ளே இருந்தவரெல்லாம் குற்றவாளி என்று தீர்ப்பானவரும் இல்லை. 2022-ம் வருட அரசுக் கணக்குப்படி, நம் நாட்டுச் சிறைகளில் இருந்தவர்களில் 100-க்கு 75 பேருக்கும் மேல் விசாரணைக் கைதிகள். நாளைக்கே நிரபராதி என்று வந்தாலும், அவருக்கும் அதே டீக்கடை, அதே பார்வைதான்.

அவருக்கு இரவில் பாலோடு அமுக்கரா சூரணம் கொடுத்தேன். புதனும் சனியும் எண்ணெய்க் குளியல். சின்னதாக ஒரு இரவு விளக்கு, அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொள்ள. பிறகு, “காலையில மருந்து இடிக்க வர்றீங்களா?” என்று கேட்டேன். மற்ற ஆளுக்குக் கொடுக்கிற அதே கூலி. ‘ஜெயில்ல இருந்து வந்தவன்தானே’ என்று பாதிக் கூலி கொடுப்பது உதவி இல்லை, சுரண்டல்.

என் மனைவி இரண்டு நாள் பேசவில்லை. நாலைந்து குடும்பங்கள் வைத்தியத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டன. எட்டு மாதம் ஆகிறது. இப்போது இருட்டில் தூங்குகிறார்.

உங்கள் தெருவுக்கும் ஒருவர் திரும்பி வரலாம். பழைய கதையைக் கிளறாமல் “சாப்பிட்டீங்களா?” என்று கேளுங்கள். அவர் பிள்ளையோடு விளையாடாதே என்று உங்கள் பிள்ளையிடம் சொல்லாதீர்கள். முடிந்தால் ஒரு வேலை கொடுங்கள். பழகப் பழகத்தான் பயம் தெளியும், இரண்டு பக்கமும்.

மேஜை இழுப்பறையை நான் இன்றும் பூட்டத்தான் செய்கிறேன். ஆனால், இப்போதெல்லாம் அவர் கேட்காமலே உள்ளே வருகிறார். என் கையும் அந்தப் பக்கம் போவதில்லை.