பழைய வண்டியை எவன் எடுப்பான்?

பதிவு கொஞ்சம் நீளம். ஆற அமரப் படியுங்கள். முதல் வரியை மட்டும் பார்த்துவிட்டுக் கைகூப்பும் பொம்மை போடுகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும்.

போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில் ஒரு தம்பி செய்தி போட்டிருந்தான். பிளம்பிங் வேலை பார்க்கிறவன். கல்யாண மண்டபத்துக்கு வெளியே நிறுத்தியிருந்த அவனுடைய பழைய ஸ்பிளெண்டரைக் காணோம். அதற்கு வந்த பதில்கள்: "பழைய வண்டிதானே, விடுடா." "அதையும் ஒருத்தன் எடுத்தானா?" "திருடன்தான் பாவம்." கூடவே வரிசையாகச் சிரிக்கிற பொம்மைகள். எண்ணிப் பார்த்தேன், பதினொரு பேர். எல்லாரும் என்னிடம் படித்தவர்கள். அதனால்தான் கேட்கிறேன், இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

அந்த வண்டியை விற்றால் இருபதாயிரம்கூடத் தேறாது. இருக்கட்டும். அவனுக்கு அதுதான் கடை, அதுதான் ஆபீஸ். பைப் ரெஞ்ச், மரை போடும் டை எல்லாம் இருந்த பையும் வண்டியோடு போய்விட்டது. தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும்தான் கட்டியிருந்தான். சட்டம் கட்டாயம் என்று சொல்வது அதைத்தான். ஆனால் அது நம் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கானது. வண்டி திருடு போனால் அதிலிருந்து ஒரு பைசா வராது. முழு இன்சூரன்ஸ் போட்ட புது வண்டிக்காரருக்கு வண்டி போனாலும் பணம் வரும். பழைய வண்டிக்காரனுக்குப் போனது போனதுதான். அப்படியானால் நல்ல பூட்டு யாருக்கு அதிகம் தேவை? ஐந்தாம் வகுப்புக் கணக்கு இது. சிரித்த பதினொரு பேரும் ஆளுக்கு 300 ரூபாய் போட்டால் அவனுக்கு ரெஞ்சும் டையும் வாங்கிவிடலாம். என் பங்கை நேற்றே கொடுத்துவிட்டேன்.

"எவன் எடுப்பான்" என்று கேட்டீர்களே, அதற்கு வருகிறேன். இப்போது வரும் கார்களின் சாவிக்குள் ஒரு சிப் இருக்கிறது. அது சரியான சாவிதானா என்று வண்டி பார்த்த பிறகுதான் இன்ஜின் ஓடும். அந்தக் கால மாருதி 800, ஆம்னி, அம்பாசிடர் எதிலும் அது கிடையாது. இருபது வருஷம் திருகிய பூட்டும் சாவியும் தேய்ந்து, எதிர்வீட்டுச் சாவிக்குக்கூடத் திறந்துகொள்ளும். 800 உற்பத்தி 2014இல் நின்றுவிட்டது, ஆனால் ஓடுகிற வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றுக்கு உதிரி பாகம் வேண்டும். எடுத்தவன் வண்டியாக விற்க வேண்டியதே இல்லை. பேட்டரி ஒரு கடைக்கு, சக்கரம் ஒரு கடைக்கு, மிச்சம் பழைய இரும்புக் கடைக்கு. இன்னொன்று, செயின் பறிக்கக் கிளம்புகிறவன் சொந்த வண்டியிலா போவான்? கேமராவில் விழுவது உங்கள் நம்பர். போலீஸ் முதலில் தேடி வருவதும் உங்கள் வீட்டைத்தான்.

இதற்கு எதிர்க்கட்சி ஒன்றும் உண்டு. என் அக்கா மகன் அந்தக் கட்சி. "மாமா, ஆறாயிரத்துக்கு அலாரம் போட்டுடலாம், இன்சூரன்ஸ்ல தள்ளுபடியும் கிடைக்கும்" என்றான். தள்ளுபடி உண்டுதான். புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. அங்கீகரித்த திருட்டுத் தடுப்புக் கருவி என்றால், சொந்தச் சேத பிரீமியத்தில் 2.5 சதவீதம், அதிகபட்சம் 500 ரூபாய். பழைய காருக்கு அந்த பிரீமியம் 2,000 என்று வையுங்கள். தள்ளுபடி 50 ரூபாய். போட்ட ஆறாயிரம் திரும்பி வர 120 வருஷம். கடைக்காரர் இந்தக் கணக்கைச் சொல்ல மாட்டார். மேலும் அந்த அலாரம் பூனை குதித்தாலும் கத்தும், இடி இடித்தாலும் கத்தும். ஒரே வாரத்தில் தெருவே காதை மூடிக்கொள்ளும். பிறகு திருடன் தொட்டுக் கத்தினாலும் யார் எட்டிப் பார்ப்பார்கள்?

காசைப் போட வேண்டிய இடம் வேறு. பைக்கா? முதலில் லாக் செட்டை மாற்றுங்கள். நான் விசாரித்த கடையில் 700 ரூபாய். சைடு லாக்கை மட்டும் நம்பாதீர்கள். பலமாக ஓர் உதை விட்டு அதை உடைக்கிறார்கள் என்று பேப்பரில் படித்துக்கொண்டேதான் இருக்கிறோம். சக்கரத்தோடு சேர்த்து ஒரு கனமான யு லாக், அல்லது தடித்த சங்கிலி. சங்கிலியை வெறும் சக்கரத்தில் சுற்றாமல் தூணிலோ இரும்புக் கிராதியிலோ கோத்துப் பூட்டுங்கள். இல்லாவிட்டால் இரண்டு பேர் வண்டியையே தூக்கி வேனில் வைத்துவிடுவார்கள். மெல்லிய கேபிள் லாக் சைக்கிளுக்கே போதாது. கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் டேப்பை ஆஃப் செய்து நிறுத்துங்கள். செலவு பூஜ்யம். உள்ளே மிச்சமிருக்கும் பெட்ரோலில் கொஞ்ச தூரம் ஓடி நின்றுவிடும். நடுரோட்டில் நின்ற வண்டியோடு மல்லுக்கட்டத் திருடனுக்கு நேரமில்லை.

காருக்கு, கண்ணாடி வழியே பளிச்சென்று தெரிகிற ஸ்டியரிங் லாக் கம்பி ஒன்று போதும். அதை உடைக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. உடைக்க நேரமாகும் என்று பார்த்தவுடனே தெரிகிறது, அதற்குத்தான் காசு. அடுத்தது மறைவான சுவிட்ச். அதைத் தட்டாமல் இன்ஜின் ஓடாது. நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் ரிலேயும் பியூஸும் வைத்துச் செய்யச் சொல்லுங்கள். ஒயரை வெட்டி வெறுமனே முறுக்கி டேப் சுற்றினால் ஜாயின்ட் சூடாகும், ஓடும்போதே வண்டி நிற்கும். சுவிட்சை எங்கே வைத்தீர்கள் என்பதை இங்கே கமென்ட்டில் எழுதிவிடாதீர்கள். எழுதக்கூடிய ஆட்கள் நம்மில் இருக்கிறார்கள். ஆம்னி வைத்திருப்பவர்கள் நகரும் ஜன்னல் கொக்கிகளை ஒருமுறை அசைத்துப் பாருங்கள், தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். சீட்டில் பையை வைத்துவிட்டு இறங்காதீர்கள், அது காலிப் பையாக இருந்தாலும். காலி என்று கண்ணாடியை உடைத்த பிறகுதானே அவனுக்குத் தெரியும்? "சார், உங்க பணம் கீழே விழுந்திருக்கு" என்று யாராவது சொன்னால், முதலில் கதவைப் பூட்டிவிட்டுக் குனியுங்கள்.

இப்போது எனக்குப் புரியாத ஒரு விஷயம். நம் வீடுகளில் ஒரு டம்ளர் பாக்கியில்லாமல் பெயர் வெட்டி வைத்திருக்கிறோம். கல்யாணத்துக்கு வைத்த குத்துவிளக்கில் பெயர், தேதி, ஊர் எல்லாம் உண்டு. கும்பகோணம் கடைத்தெருவில் பாத்திரம் வாங்கினால் கடையிலேயே வெட்டிக் கொடுக்கிறார்கள். டம்ளருக்கு இருக்கிற அடையாளம் நம் வண்டியின் பேட்டரிக்கு இல்லை, ஸ்டெப்னிக்கு இல்லை. அதே கருவியால் வண்டி நம்பரைப் பேட்டரிப் பெட்டியிலும் ஸ்டெப்னியின் இரும்பு வளையத்திலும் பைக்கின் பக்க மூடிகளிலும் வெட்டினால், எந்தக் கடைக்காரரும் வாங்க யோசிப்பார். நான் வெட்டிக்கொண்டேன். கடைக்காரர் சிரித்துக்கொண்டே 100 ரூபாய் வாங்கிக்கொண்டார். (ஸ்டெப்னி என்ற சொல் வேல்ஸ் நாட்டு லனெல்லி ஊரில் உள்ள ஒரு தெருவின் பெயர். அங்கே 1904இல் மாற்றுச் சக்கரம் செய்யத் தொடங்கிய கம்பெனி அந்தப் பெயரை வைத்துக்கொண்டது. வாத்தியார் புத்தி, சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

பூட்டைவிட மலிவான பாதுகாப்பு காகிதம். பழைய வண்டி வாங்கி, பெயர் மாற்றாமல் ஐந்து வருஷமாக ஓட்டுகிறவர்கள் இந்தக் குழுவிலேயே இருக்கிறார்கள். வாங்கிய 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். ஆர்.சி. வேறொருவர் பெயரில் இருந்தால், வண்டி காணாமல் போன அன்று ஸ்டேஷனில் நீங்கள் யார்? முழு இன்சூரன்ஸ் உள்ளவர்கள் இரண்டாவது சாவியையும் பத்திரமாக வையுங்கள். திருட்டு கிளைம் என்றால் இரண்டு சாவியையும் கேட்பார்கள்.

கட்டணம் வாங்கிக்கொண்டே "வாகனங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்று போர்டு மாட்டுகிறவர்களுக்கும் ஒன்று. 1998இல் டெல்லியில் ஒரு பெரிய ஓட்டல், விருந்தாளியிடம் சாவியை வாங்கி நிறுத்திய மாருதி ஜென் களவு போனது. பொறுப்பு உங்களுடையது என்று சீட்டில் அச்சிட்டிருக்கிறோம் என்றது ஓட்டல். 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வண்டியைத் தன் பொறுப்பில் வாங்கிக்கொண்டவர் சீட்டைக் காட்டித் தப்ப முடியாது. அதனால் டோக்கனைத் தூக்கி எறியாதீர்கள்.

அந்தத் தம்பிக்கு ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அவனும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். அது எஃப்.ஐ.ஆர். ஆகாது. இன்சூரன்ஸ் இல்லாவிட்டாலும் எஃப்.ஐ.ஆர். அவசியம், நாளைக்கு அந்த வண்டியில் எவனாவது செயின் அறுத்தால், வண்டி தன்னிடம் இல்லை என்பதற்கு அவன் கையில் இருக்கும் ஆதாரம் அதுதான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு, புகார் கொடுத்தவருக்கு நகலை இலவசமாகத் தரச் சொல்கிறது. பதிவு செய்ய மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம் என்றும் அதே பிரிவில் இருக்கிறது. ஆர்.சி. நகல், சி.எஸ்.ஆர். ரசீது இரண்டையும் எடுத்துக்கொண்டு, தம்பி, நாளை மாலை ஐந்து மணிக்கு மேல் வீட்டுக்கு வா. மனு எழுதி வைத்திருக்கிறேன், கையெழுத்துப் போட்டால் போதும். தபாலில் அனுப்பிவிடலாம்.