தூங்கி எழுந்த லேப்டாப்பில் டச்பேட் வேலை செய்யவில்லையா?

மூடிவைத்த லேப்டாப்பைத் திறந்தால் திரை வருகிறது, கீபோர்டு வேலை செய்கிறது. ஆனால், டச்பேடில் எவ்வளவு தேய்த்தாலும் அம்புக்குறி அசையவில்லை. உடனே பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிடாதீர்கள். சேமிக்காத வேலை எல்லாம் போய்விடும்.

முதலில் கன்ட்ரோல், எஸ் கீகளைச் சேர்த்து அழுத்தி ஃபைலைச் சேமியுங்கள். பிறகு, மேல் வரிசையில் டச்பேட் படம் போட்ட கீ இருந்தால் அழுத்திப் பாருங்கள். கை தவறி ஆஃப் ஆகியிருக்கலாம். பலன் இல்லையென்றால் விண்டோஸ், டி கீகளை அழுத்தி, அடுத்து ஆல்ட், எஃப்4 அழுத்துங்கள். வரும் பெட்டியில் அம்புக் கீயால் ரீஸ்டார்ட்டைத் தேர்வுசெய்து என்டர் தட்டுங்கள்.

அடிக்கடி இப்படி ஆகிறதா? பேட்டரியை மிச்சப்படுத்த, ஸ்லீப்பில் டச்பேடின் மின்சாரத்தையும் விண்டோஸ் நிறுத்திவைப்பது உண்டு. விழிக்கும்போது டிரைவர் அதை எழுப்பத் தவறினால் இந்தத் தொல்லை வரும். ஒரு யுஎஸ்பி மவுஸைச் செருகி, டிவைஸ் மேனேஜரில் 'ஹியூமன் இன்டர்ஃபேஸ் டிவைசஸ்' பட்டியலுக்குப் போங்கள். அங்கே 'ஐ2சி எச்ஐடி டிவைஸ்' இருந்தால், அதன் ப்ராபர்டீஸில் 'பவர் மேனேஜ்மென்ட்' பகுதியைத் திறந்து, மின்சாரத்தை மிச்சப்படுத்த அணைக்கலாம் என்ற வரிக்கு எதிரே உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். அந்தப் பகுதி இல்லையென்றால், லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து உங்கள் மாடலுக்கான புதிய டச்பேட் டிரைவரை இன்ஸ்டால் செய்யுங்கள்.