ரவையைப் பார்த்துத் துவக்கு வாங்குங்கள்

சுவிஸில் பழைய இராணுவத் துவக்கு வாங்கப் போகும் நம்மவர்கள் முதலில் மரப்பிடியைத்தான் தடவிப் பார்க்கிறார்கள். வால்நட் மரமா, பீச்சா என்று விசாரிக்கிறார்கள். அதற்கு எந்த ரவை என்று கேட்பவர் அரிது. (இலங்கைக் கடவுச்சீட்டு மட்டும் வைத்திருப்பவர்கள் ஆசைப்பட வேண்டாம். இலங்கைக் குடிமக்கள் ஆயுதம் வாங்குவதை இந்நாட்டுச் சட்டம் தடுக்கிறது. விலக்குக் கிடைப்பது அபூர்வம். சுவிஸ் குடியுரிமை எடுத்தவர்களுக்கே இந்தப் பேச்சு.)

ருடோல்ஃப் ஷ்மிட் வடிவமைத்த 1889 மாதிரி பார்க்க அழகு. நேராகப் பின்னிழுத்து முன்தள்ளும் பூட்டு, பன்னிரண்டு ரவை கொள்ளும் பெட்டி. அதற்கென எடுவார்ட் ரூபின் உருவாக்கிய ஜிபி 90 ரவையின் சன்னம் 13.7 கிராம், வேகம் நொடிக்கு ஏறத்தாழ 600 மீட்டர். 1911இல் ஜிபி 11 வந்தது. கூர்முனைச் சன்னம், எடை 11.3 கிராம், வேகம் 780 மீட்டர். அழுத்தமும் கூடிவிட்டது. 1889இல் சுடும்போது பூட்டைப் பிடித்து நிறுத்தும் காதுகளோ பின்னால் இருக்கின்றன. அந்த நீண்ட பூட்டு புதிய ரவையைத் தாங்கச் செய்யப்பட்டதல்ல. இரண்டுமே 7.5 மில்லிமீட்டர் என்பதால் விற்பவர் சிலர் “உள்ளே போகுதுதானே” என்பார்கள். போகட்டும், சுடாதீர்கள்.

இன்னொரு வில்லங்கம். கடையில் ஜிபி 90 என்று கேட்டால் இன்று இராணுவம் பயன்படுத்தும் 5.6 மில்லிமீட்டர் ரவையைத்தான் எடுத்து நீட்டுவார்கள். நூறாண்டு இடைவெளியில் இரண்டு ரவைகளுக்கு ஒரே பெயரை வைத்த புண்ணியவான்களை என்ன சொல்வது?

ஜிபி 11ஐச் சுடவே ஆசை என்றால் 1911 நீளத் துவக்கு, கே 11, பழைய 1896ஐப் புதுக்குழல் போட்டு மாற்றிய 96/11, கே 31 ஆகியவற்றில் ஒன்றைத் தேடுங்கள். என் வாக்கு கே 31க்கு. பூட்டைக் குட்டையாக்கிக் காதுகளை முன்னுக்குக் கொண்டுவந்ததால், மொத்த நீளம் கூடாமலே 65 சென்ரிமீற்றர் குழல் கிடைத்தது. 1958 வரை ஐந்து இலட்சத்துக்கு மேல் செய்தார்கள், தட்டுப்பாடு இல்லை. என்னுடையது பீச் மரப்பிடி. வால்நட்டுக்குக் கூடுதல் விலை கேட்கிறார்கள். 300 மீட்டரில் இலக்குப் பலகைக்கு மரத்தின் சாதி தெரியாது.

ஜிபி 11இன் கோதை மறுபடி நிரப்புவது பெரும்பாடு. அதன் கேப் பெர்டன் வகை. நடுவில் ஒரே துளை இல்லாததால் ஊசியால் தட்டிக் கழற்ற முடியாது. நிரப்பிச் சுடுவோருக்கு, கோதில் நடுத்துளை உள்ள சேர்பியாவின் பிபியு ரவைகள் தோது. ஆனால் கே 31இன் குழலில் ரவை அறைக்குச் சற்று முன்னாலேயே வரிகள் தொடங்கிவிடும். நீள மூக்குச் சன்னமானால் கோதுக்குள் ஆழமாக இறக்க வேண்டும்.

1889ஐ ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? குறைந்த அழுத்தத்தில் ரவை நிரப்பத் தெரிந்த மூத்தவர் யாராவது உங்கள் சுடுநர் சங்கத்தில் இருப்பார், அவரைப் பிடியுங்கள். இல்லாவிட்டால் சுவரில் மாட்டுங்கள்.