சார்ஜ் போடாதீங்க, வீட்டுக்குள்ள நிறுத்தாதீங்க: ஜீப் ஹைபிரிட் கார்களில் கோளாறைக் கண்டுபிடிப்பது ஏன் இவ்வளவு கஷ்டம்?

காரை ஆஃப் பண்ணி, பூட்டிட்டு, வீட்டுக்குள் போய்த் தூங்கியாச்சு. இன்ஜின் ஓடவில்லை, சாவி மேஜை மேல இருக்கு. அப்பவும் அந்தக் கார் தீப்பிடிக்கலாம் என்று, அதைத் தயாரித்த நிறுவனமே சொன்னால் எப்படி இருக்கும்?

அமெரிக்காவில் ஜீப் ராங்ளர் 4எக்ஸ்இ, கிராண்ட் செரோக்கி 4எக்ஸ்இ வாங்கியவர்களுக்கு நடந்தது இதுதான். 2025 நவம்பரில் அங்கே மட்டும் 3,20,065 கார்களுக்கு ரீகால் அறிவித்தது ஜீப்பின் தாய் நிறுவனமான ஸ்டெல்லாண்டிஸ். சார்ஜ் போட வேண்டாம், கட்டடங்களை விட்டுத் தள்ளி வெளியில் நிறுத்துங்கள் என்பதுதான் உரிமையாளர்களுக்குச் சொல்லப்பட்ட அறிவுரை.

இது முதல் முறையா?

இல்லை. 2023 நவம்பரில் 32,125 ராங்ளர் கார்கள். 2024 செப்டம்பர் இறுதியில் இரண்டு மாடல்களும் சேர்த்து சுமார் 1.54 லட்சம் கார்கள். அப்போதே 13 தீ விபத்துகள் பதிவாகியிருந்தன. சாஃப்ட்வேரை அப்டேட் செய்வோம், கோளாறு தெரிந்தால் பேட்டரியையே மாற்றித் தருவோம் என்றார்கள்.

2025-ல் வந்த அறிவிப்பின் முக்கியமான விஷயமே இதுதான்: முன்பே 'சரிசெய்யப்பட்ட' கார்களும் மறுபடி வர வேண்டும். அதாவது, கோளாறைக் கண்டுபிடிப்பதற்காக வந்த பரிசோதனையை நம்பிக் காரை வீட்டுக்குள் நிறுத்த முடியாது.

உள்ளே என்னதான் பிரச்சினை?

இவை பிளக்-இன் ஹைபிரிட் கார்கள். பெட்ரோல் இன்ஜினும் உண்டு, பிளக் போட்டுச் சார்ஜ் ஏற்றும் 400 வோல்ட் பேட்டரியும் உண்டு. அந்த பேக்கில் 96 செல்கள். ஒவ்வொரு செல்லிலும் நேர்முனைக்கும் எதிர்முனைக்கும் நடுவில் முடியைவிட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் படலம் இருக்கும். இதற்குப் பெயர் செபரேட்டர்.

இந்தப் படலம் சேதமானால், செல்லுக்குள்ளேயே ஷார்ட் சர்க்யூட் ஆகலாம். ஒரு செல் சூடாகி, பக்கத்து செல்லையும் சூடாக்கி, கொஞ்ச நேரத்தில் பேக் முழுவதும் பரவிவிடும். செல் எவ்வளவு நிறைய சார்ஜ் ஆகியிருக்கிறதோ, அவ்வளவு ஆபத்து. சார்ஜ் போடாதீங்க என்று சொல்வது இதனால்தான்.

காரில்தான் கம்ப்யூட்டர் இருக்கே, அது சொல்லாதா?

சொல்ல முயற்சி செய்யும். பேட்டரியைக் கண்காணிக்கும் கன்ட்ரோல் யூனிட் ஒவ்வொரு செல்லின் வோல்டேஜையும் பார்க்கிறது. படலம் லேசாகப் பழுதான செல், மற்ற செல்களைவிடக் கொஞ்சம் வேகமாகச் சார்ஜை இழக்கும். அதைப் பிடித்துவிட்டால் எச்சரிக்கை கொடுக்கலாம்.

சிக்கல் எங்கே? ஆரம்பத்தில் அந்த வித்தியாசம் சில மில்லிவோல்ட்தான். வெயில், குளிர், செல்லின் வயசு, சென்சாரின் சின்னப் பிழை எல்லாமே அதே அளவு வித்தியாசத்தைக் காட்டும். வரம்பை இறுக்கி வைத்தால் நல்ல பேட்டரிக்கும் அலாரம் அடிக்கும். தளர்த்தி வைத்தால் கெட்ட செல் தப்பிவிடும். போதாக்குறைக்கு, கார் ஆஃப் ஆனதும் இந்த எலக்ட்ரானிக்ஸில் பெரும்பகுதி தூங்கிவிடும்.

2024-ல் ரீகால் ஆன கார்களில் சுமார் 5% கார்களில்தான் கோளாறு இருக்கும் என்பது நிறுவனத்தின் மதிப்பீடு. அந்த 5% எது என்று தெரியாததால், மீதி 95% பேரும் வெளியில்தான் நிறுத்த வேண்டியிருக்கிறது.

எல்லா மின்கோளாறும் இப்படித்தானா?

இல்லை, பெரும்பாலானவற்றைக் கண்டுபிடிக்க வழி இருக்கு.

• 12 வோல்ட் பேட்டரி: ஹைபிரிட் காரிலும் சாதாரண சின்ன பேட்டரி உண்டு. அது டவுன் ஆனால் டேஷ்போர்டில் சம்பந்தமே இல்லாத பத்து எச்சரிக்கைகள் வரலாம். நல்ல மெக்கானிக் முதலில் இதைத்தான் பார்ப்பார்.

• மின்கசிவு: ஹை வோல்டேஜ் வயரிங்கில் இருந்து கரன்ட் காரின் பாடிக்குக் கசிந்தால் பி0ஏஏ6 போன்ற கோடு ஸ்கேனரில் வரும். பேட்டரி, மோட்டார், ஏசி கம்ப்ரஸர் என ஒவ்வொன்றாகக் கழற்றி, மெக்கர் வைத்து அளந்தால் எங்கே கசிவு என்று தெரிந்துவிடும்.

• சார்ஜ் ஏறவில்லை: தப்பு காரில்தான் என்று முடிவு செய்யும் முன் வேறு பிளக், வேறு கேபிள் மாற்றிப் பார்க்க வேண்டும். பல நேரம் வீட்டு எர்த் சரியில்லாததே காரணம்.

ஆரஞ்சு நிற கேபிள் எதையும் நீங்களே தொடக் கூடாது. பயிற்சி பெற்ற மெக்கானிக்கே சர்வீஸ் பிளக்கைக் கழற்றி, கெபாசிட்டரில் இருக்கும் கரன்ட் இறங்கும் வரை சில நிமிடம் காத்திருந்து, கையுறை போட்டு, வோல்டேஜ் இல்லை என்று அளந்து பார்த்த பிறகுதான் கை வைப்பார்.

இவற்றுக்கும் ஜீப் விவகாரத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். இங்கே கருவியை வைத்து வெளியில் இருந்து அளக்க முடிகிறது. அங்கே கோளாறு சீல் செய்த செல்லுக்குள் ஒளிந்திருக்கிறது.

ஜீப்பில் மட்டும்தானா?

இல்லை. கிரைஸ்லர் பசிஃபிகா ஹைபிரிட் 2022-ல் இதேபோல ரீகால் ஆனது. அதில் எரிந்த 12 கார்களும் ஆஃப் செய்து நிறுத்தப்பட்டிருந்தவை. 2020-ல் ஐரோப்பாவில் ஃபோர்டு குகா பிளக்-இன் கார்களுக்கும் சார்ஜ் போட வேண்டாம் என்ற எச்சரிக்கை வந்தது. ஃபோர்டு கடைசியில் பேட்டரி பேக்கையே மாற்றிக் கொடுத்தது. செலவு அதிகம்தான், ஆனால் சந்தேகத்துக்கே இடமில்லை.

அப்போ யார் நஷ்டப்படுகிறார்கள்?

ராங்ளர் 4எக்ஸ்இ ஒரு முழு சார்ஜில் சுமார் 35 கி.மீ. மின்சாரத்தில் ஓடும். அந்த வசதிக்காகக் கூடுதல் பணம் கொடுத்தவர், இப்போது கனமான பேட்டரியைச் சுமந்துகொண்டு பெட்ரோலில் ஓட்டுகிறார். சாஃப்ட்வேர் அப்டேட் நிறுவனத்துக்கு மலிவு, பேட்டரி மாற்றுவது விலை அதிகம். அப்டேட்டால் கெட்ட செல்லை உறுதியாகக் கண்டுபிடிக்க முடியும் என்றால் யாருக்கும் ஆட்சேபம் இருக்காது. முடியவில்லை என்பதைத்தான் அடுத்தடுத்து வந்த ரீகால்கள் காட்டுகின்றன.

நம்ம ஊரில் ஓடும் ஹைபிரிட் கார்களில் பெரும்பாலானவை பிளக் போடாத ரகம், பேட்டரியும் சின்னது. ஆனால் எலெக்ட்ரிக் கார் வாங்க ஷோரூம் போகும்போது மைலேஜோடு இன்னொரு கேள்வியையும் கேட்டு வையுங்கள்: இந்த மாடலுக்கு பேட்டரி ரீகால் வந்திருக்கா? வந்திருந்தால், அப்டேட் மட்டும் போட்டாங்களா, பேட்டரியையே மாத்தினாங்களா?